வீடியோ மோகேப்: நேரம் போவதெல்லாம் பாதத்தில்தான்

ஒரே போனில் எடுத்த வீடியோவிலிருந்து ஏஐ மோகேப் (ஆளின் அசைவைப் பதிந்து 3டி பாத்திரத்துக்கு ஏற்றுவது) எடுத்தால் நடை, உட்கார்ந்து எழுவது, பேசும்போது கையசைப்பது எல்லாம் நன்றாகவே வரும். பாதம் மட்டும் தரையில் நிற்காமல் வழுக்கும். மாதக்கணக்கில் புழங்கினாலும் மாறாத குறை இது.

ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது, மென்பொருள் ஊகிக்கிறது. ஊகம் சில சென்டிமீட்டர் பிசகினாலே ஊன்றிய கால் நகர்ந்துவிடும். கேமராவை நோக்கி நேராக நடந்தால் பிசகு கூடும். முழுப் பக்கவாட்டில் எடுத்தால் மறுபக்கத்துக் கை உடலுக்குப் பின்னே மறையும். 30 முதல் 45 டிகிரி கோணத்தில், இடுப்பு உயரத்தில், ட்ரைபாடில் வைத்து எடுப்பதே நல்லது. வேட்டியும் தொளதொள பேன்ட்டும் முழங்காலை மறைத்துவிடும்.

ஷட்டர் 1/250 நொடியாவது இருக்கட்டும். குறைந்தால் வீசும் கை மங்கி மணிக்கட்டு துள்ளும். ஆனால் அந்த வேகத்தில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மலிவு எல்இடி விளக்கு வீடியோவில் பட்டை பட்டையாகத் தெரியும். மொட்டைமாடியில் பகல் வெளிச்சமே மேல். போன் வீடியோவின் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) பெரும்பாலும் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு நிலைப்படுத்திவிட்டு மோகேப் மென்பொருளில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வசனமும் அசைவும் மெல்ல விலகும்.

பிறகு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திருத்தும்போது வரிசை மாறவே கூடாது. முதலில் ஸ்மூத்திங் (அசைவின் நடுக்கத்தைச் சீராக்குவது), பிறகு நொடிக்கு 24 ஃப்ரேமுக்கு மாற்றம், கடைசியில் பாதப் பூட்டு (ஊன்றிய பாதத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது). பூட்டிய பிறகு ஸ்மூத் செய்தால் பாதம் மறுபடி வழுக்கும். 60ஐ 24 ஆக்கும்போது விகிதம் 2.5, கால் ஊன்றும் கணம் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே விழலாம், அதனால்தான் பூட்டு கடைசியில். ஊன்றும் ஃப்ரேமிலிருந்து எழும் ஃப்ரேம் வரை ஐகே கன்ட்ரோலில் (பாதத்தை நகர்த்தினால் முழுக் காலும் பின்தொடரும் பிடி) நடுவிலுள்ள கீக்களை (ஃப்ரேமில் பதிந்த நிலைகளை) அழித்து ஒரே மதிப்பை வையுங்கள். உடனே முழங்கால் வெடுக்கென்று நிமிரலாம். கால் எட்டவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் இடுப்பை 1, 2 சென்டிமீட்டர் இறக்கினால் அடங்கிவிடும். ஸ்மூத்திங்கையும் அளவோடு போடுங்கள், குதித்து இறங்கும் அதிர்வை அது தின்றுவிடும்.

குட்டைக்கால் கார்ட்டூன் பாத்திரத்துக்கு ரீடார்கெட் செய்யும்போது (அசைவை அதன் உடலுக்கு மாற்றும்போது), ரூட் நகர்வையும் (முழு உடலும் இடம் பெயரும் தூரத்தையும்) கால் நீள விகிதத்தில் குறைக்க வேண்டும். கால் பாதி நீளம் என்றால் நகர்வும் பாதி. கன்னத்தில் கைவைக்கும் அசைவு பெரிய தலைக்குள் புகுந்துவிடும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும். விரல்களுக்கு ஐந்தாறு போஸ்களைச் சேமித்துவைத்து மாற்றிக்கொள்வது வேகம்.

கட்டிப்பிடிப்பது, தரையில் உருள்வது போன்ற காட்சிகளுக்கு இதைத் தொடவே வேண்டாம். உடலே உடலை மறைக்கும் இடத்தில் இடது கால் வலது காலாக மாறிவிடும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் புதிதாகவே கீ போட்டு முடித்துவிடலாம்.