சென்னை மாநகராட்சிப் பள்ளியும் மேயர் பதவியும்: ஒரு பெற்றோரின் மதிப்புரை

அரையாண்டுக்கு ஒருமுறை சென்னையில் நாம் செலுத்தும் சொத்து வரியில் கல்வி வரியும் அடங்கியிருப்பதால், பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்காதவர்களுக்கும் அந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு. என் மகள் அத்தகைய தொடக்கப் பள்ளி ஒன்றில் படிக்கிறாள்.

முதலில் காலை உணவைச் சொல்ல வேண்டும். பொங்கல் போடும் நாளில் அது குழைவாகவும் சூடு ஆறாமலும் தட்டுக்கு வருகிறது. சாம்பாரில் கேரட்டும் பீன்ஸும் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கின்றன. இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம் மாநில அரசினுடையது என்றாலும், சென்னைப் பள்ளிகளில் அதை நடத்தும் பொறுப்பு மாநகராட்சியிடம் இருக்கிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை மாநகராட்சிக் கவுன்சிலர்களின் அவையான மாமன்றம் நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. மேயர் என்ற பதவிப் பெயர் வருவதற்கும் முன்னால், 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு வழங்க ஒப்புதல் தரப்பட்டது.

இன்றைய மேயரின் கை அவ்வளவு நீளமானதன்று. நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் அதிகாரியான ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மாமன்றத்துக்குத் தலைமை வகிக்கிறார். நியூயார்க்கில் 2002இல் வந்த சட்டம் பள்ளித் துறையின் தலைவரை நியமிக்கும் உரிமையையே மேயருக்குக் கொடுத்தது. அந்த வலுவில்தான் 2014இல் மேயர் டி பிளாசியோ நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான இலவச முழுநாள் வகுப்புகளைப் பெருமளவில் விரிவாக்க முடிந்தது. சென்னையில் அந்த அளவு அதிகாரம் இல்லாவிட்டாலும், மேயர் நாற்காலி காலியாகக் கிடப்பது பெற்றோருக்குப் பெரிய இழப்பு. 2016 முதல் 2022 வரை மாமன்றமே இல்லாததால், பள்ளிக் கட்டடத்தைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ அவையில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2022இல் பிரியா மேயரானபின் நிதிநிலை அறிக்கை மீண்டும் மாமன்ற விவாதத்துக்கு வந்தது. 10, 12ஆம் வகுப்புகளின் மாலைச் சிறப்பு வகுப்புகளுக்குச் சிற்றுண்டி தரும் அறிவிப்பும் அந்த வழியாகத்தான் பிறந்தது. மாலை ஆறு மணிவரை வெறும் வயிற்றோடு கணக்குப் போட்ட பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எனக்கு உள்ள குறை ஒன்றுதான். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவாயிற்று என்பது பெற்றோர் எளிதில் அறியும் வகையில் இல்லை. பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வைக்கும்படி மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர மேயரால் முடியும். அதற்கு ஆணையரின் அதிகாரம் தேவையில்லை.

மழலையர் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சேர்க்கைக்கு முன் காலை உணவு வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வட்டத்துக் கவுன்சிலரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.