முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: பாலக்காட்டில் பெற்ற சிகிச்சை, ஓராண்டுக்குப் பின்

கொழிஞ்சாம்பாறையை அடுத்த தமிழ்வழிப் பள்ளியொன்றில் முப்பத்தோராண்டுகள் நின்றபடியே பாடம் நடத்தி, 56 வயதில் ஓய்வு பெற்றவள் நான். 2023ஆம் ஆண்டின் இறுதியில் என் இடது முழங்காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், தேய்மானம் மூன்றாம் நிலையில் இருக்கிறது என்றார். நான்காவதுதான் கடைசி நிலை. முட்டி மாற்று அறுவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்டெம் செல் ஊசி’ போடுகிறார்கள் என்று தெரிந்தது. 2024 ஜனவரியில் அங்கே போட்டுக்கொண்டேன். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோர ஊர்களிலிருந்து பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவருவதால், அவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகள் அந்த ஓர் இடத்தோடு முடிந்துவிடுபவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இடம் சுத்தமாக இருக்கிறது. மாடிக்கு லிப்ட் உண்டு. முழங்கால் நோயாளிகள் வரும் இடத்தில் இது சிறிய விஷயமில்லை. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். செவிலியர்கள் எல்லோரும் மலையாளிகள். ஆனாலும் என்னிடம் தமிழிலேயே பேச முயன்றார்கள். “டீச்சர், பயப்படண்டா, ஞான் கூட உண்டு” என்று கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணை நான் மறக்க மாட்டேன்.

வரவேற்பறையில் கொடுத்த கையேட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ‘குருத்தணு கொண்டு குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கலாம்’ என்று அதில் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். குருத்தணு என்றால் ஸ்டெம் செல்; குருத்தெலும்பு என்பது மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான திசு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குருத்து என்ற சொல் எவ்வளவு நம்பிக்கை தரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. குருத்து இருக்கும்வரை மரம் பிழைத்துக்கொள்ளும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் முழங்காலின் குருத்தெலும்பு அப்படிப்பட்டதன்று. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. உள்ளே இருக்கும் சொற்ப அணுக்களும் மிக மெதுவாகவே வேலை செய்கின்றன. தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல அது ஆறாததற்குக் காரணம் இதுதான். இந்த அடிப்படையை மருத்துவர் எனக்குப் படம் வரைந்தே சொன்னார், நன்றாகச் சொன்னார். அடுத்த படியில்தான் தெளிவு குறைந்தது.

சிகிச்சை ஒரே காலையில் முடிந்துவிட்டது. இடுப்பெலும்பின் பின்பக்கத்தை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியால் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சினார்கள். மரத்துப்போன இடத்திலும் உறிஞ்சும் கணத்தில் ஓர் இழுப்பு வலி தெரிந்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எடுத்ததை ஓர் இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றிப் பிரித்து, அடர்த்தியான பகுதியை மட்டும் எடுத்து, ஸ்கேன் கருவியில் பார்த்தபடியே முழங்காலுக்குள் செலுத்தினார்கள். மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கால் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இடுப்பு வலிதான் ஐந்து நாள் நீடித்தது.

எனக்குப் போட்ட ஊசிக்குழாயில் இருந்தது என்ன என்ற கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மஜ்ஜையிலிருந்து எடுக்கும் அணுக்களில், குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் பத்தாயிரத்தில் ஒன்று, சில வேளைகளில் லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். சுழற்றி அடர்த்தியாக்கினாலும் மிகப் பெரும்பாலானவை சாதாரண ரத்த அணுக்களே. ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கினால்தான் எண்ணிக்கை கோடிகளைத் தொடும். எனக்குப் போட்டதை ‘எலும்பு மஜ்ஜைச் செறிவு’ என்று அழைப்பதே முறை. அதற்கு ஸ்டெம் செல் ஊசி என்று பெயரிட்டு விற்பது நோயாளியின் மனத்தில் வேறொன்றை விதைக்கிறது.

வளர்த்துப் பெருக்கிய அணுக்களும் தேய்ந்த இடத்தில் போய் ஒட்டிப் புதிய குருத்தெலும்பாக வளர்கின்றன என்று இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. அவை சுரக்கும் பொருட்கள் வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இந்த அணுக்களுக்கு 1991இல் ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பரப்பிய அமெரிக்க அறிவியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, அந்தப் பெயர் மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று 2017இல் எழுதி, அதை மாற்றும்படி கேட்டுக்கொண்டார். பெயர் வைத்தவரே அப்படிச் சொன்ன பிறகும் கையேடுகள் மாறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ஊசி போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023 நவம்பரில், நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு வெளியாகியிருந்தது. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 475 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், மஜ்ஜைச் செறிவு, கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்கள், தொப்புள்கொடித் திசுவின் அணுக்கள் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை. மருத்துவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒருவேளை திரும்பி வந்திருப்பேன். அல்லது தெரிந்தே போட்டுக்கொண்டிருப்பேன். எதுவானாலும் முடிவு என்னுடையதாக இருந்திருக்கும்.

சட்ட நிலையையும் எங்கள் பக்கத்து மக்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் யாவும் ஆய்வு நிலையில் உள்ளவை. முறைப்படி அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே அவற்றைச் செய்யலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. அதற்குப் பின் 2022இல், பெங்களூரு நிறுவனமொன்று கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து வளர்த்துப் பெருக்கிய ஸ்டெம் செல் மருந்துக்கு, முழங்கால் தேய்மானத்தின் இடைநிலைகளில் பயன்படுத்த மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. அனுமதி பெற்ற அந்த மருந்தும் எனக்குப் போட்டதும் ஒன்றல்ல. ‘இந்தியாவில் அனுமதி கிடைத்துவிட்டது’ என்று வரவேற்பறையில் சொல்லப்பட்டபோது, எதற்கு அனுமதி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது ஒப்புதல் படிவத்துக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டில் என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுவே. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஏழு பக்கம். தமிழில் ஒரு வரிகூட இல்லை. ஆள்சேர்க்கும் கையேட்டுக்குக் கிடைத்த தமிழ், கையெழுத்து வாங்கும் தாளுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என்னோடு அன்று காத்திருந்தவர்களில், நிலக்கடலைக் காட்டில் குனிந்தே காலம் கழித்த ஓர் அம்மாவுக்கு அதுவும் வராது. தமிழ் மட்டும் படிப்பார். இருவருக்கும் ஒரு பணியாளர் படிவத்தின் சாரத்தை மூன்று நிமிடத்தில் வாயால் சொன்னார். வீட்டுக்கு வந்து அகராதியோடு உட்கார்ந்து படித்தபோது நான்காம் பக்கத்தில் ‘இந்தச் சிகிச்சை ஆய்வு நிலையில் உள்ளது என்பதை அறிவேன்’ என்ற வரி இருந்தது. என் கையெழுத்து அதன் கீழே இருந்தது. ஆனால் அதை நான் அறிந்திருக்கவில்லை.

கட்டணம் ஒரு முழங்காலுக்கு 95,000 ரூபாய். காப்பீட்டில் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், காரணத்தைச் சொல்லவில்லை. ரசீதில் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லே இல்லை, ‘மூட்டு ஊசிச் சேவை’ என்றுதான் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதைக் கவனித்துக் கேட்டபோது, கணினியில் அப்படித்தான் வரும் என்றார்கள்.

குறைகளை இத்தனை சொன்ன பிறகு, நிறைவு தந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்த மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை போனேன். தொடையின் முன்தசை பலப்பட்டால் முழங்கால் மீது விழும் அதிர்ச்சி குறையும் என்பதை, என் கையை என் தொடையில் வைத்தே உணரச் செய்தார் அந்த இளைஞர். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, படியில் எந்தக் காலை முதலில் வைப்பது, தரையில் சம்மணமிடுவதைத் தவிர்த்துப் பூசையறையில் முக்காலி போட்டுக்கொள்வது என்று என் வீட்டைக் கேட்டறிந்து சொல்லிக்கொடுத்தார். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும் என்று அவர் சொன்னது மனத்தில் பதிந்து, எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்தேன். ஒருமுறை போய்வர 400 ரூபாய் ஆனது.

பலன் என்ன என்றால், மூன்றாம் மாதத்தில் வலி நன்றாகவே குறைந்திருந்தது. கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு நடந்து போய்வந்தேன்; வலி மாத்திரையை நிறுத்தினேன். ஒன்பதாம் மாதம் மழைக்காலத்தில் வலி ஓரளவு திரும்பியது, ஆனால் பழைய கடுமை இல்லை. 2025 பிப்ரவரியில் வேறொரு மையத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்த்த மருத்துவர், குருத்தெலும்பின் தடிமனில் வளர்ச்சி ஏதும் இல்லை, மேலும் தேயவும் இல்லை என்றார். எனக்குக் கிடைத்த நிவாரணத்தில் ஊசியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு, குறைந்த ஆறு கிலோவின் பங்கு எவ்வளவு என்று என் ஒருத்தியின் காலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆகவே பணியாளர்களின் பரிவுக்கும் பிசியோதெரபிக்கும் ஐந்தில் ஐந்து கொடுப்பேன். ஊசிக்கும் அது விற்கப்பட்ட விதத்துக்கும் ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. போக நினைப்பவர்கள், உள்ளே செலுத்தப்போவது வளர்த்த அணுவா, சுழற்றிய மஜ்ஜையா என்று கேளுங்கள். மருந்தென்றால் அனுமதி எண்ணையும், ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். படிவத்தை முந்தைய நாளே வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கத் தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வலது முழங்காலுக்கும் போட்டுக்கொண்டால் இருபது சதவீதம் தள்ளுபடி என்று கடந்த மாதம் தொலைபேசியில் அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் அச்சிடக் கோரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மொழிபெயர்ப்பை நானே கட்டணமின்றிச் செய்து தருவதாகவும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன். வலது காலுக்கான பயிற்சிக்கு, அதே இளைஞரிடம், செவ்வாய்க்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன்.