ட்ரம் மெஷின் பெட்டியின் கணகணப்பு: பியூட்டைல் தாளா, சைக்கிள் ரியூப்பா, ஸ்பொஞ்சா?

ட்ரம் மெஷின் என்பது பேட் என்ற பட்டைகளில் அடித்தால் மேளச் சத்தம் தரும் மின்கருவி. உலோகப் பெட்டி கொண்ட மெஷினில் அடி விழும்போதெல்லாம், ஸ்பீக்கரில் போகும் சத்தத்துக்குப் பின்னால் மெல்லிய ஒரு "ணிங்…" இழுபட்டுக்கொண்டு வரும். வீட்டில் ஹெட்போனோடு இருந்து வாசிப்பவருக்கு அது எரிச்சல் மட்டும்தான். வன்னியின் கோயில் மேடைகளில் அதுவே பெரிய தொல்லை. இடம் குறைந்த மேடை; மெஷினுக்கு ஒரு முழத் தூரத்தில் தபேலாவின் மைக் நிற்கும். கைக்குப் பக்கத்தில் மட்டும் கேட்கிற அந்த ரீங்காரத்தை மைக் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிடும்.

இதை அடக்கப் பலரும் கையாளும் வழிகள் ஐந்து: அடியில் விரிக்கும் றப்பர் பாய், உள்ளே திணிக்கும் ஸ்பொஞ்ச், வாகனக் கதவுக்கு ஒட்டும் தார்த் தாள், அலுமினியத் தோல் போர்த்த பியூட்டைல் றப்பர் தாள், பழைய சைக்கிள் ரியூப். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பியூட்டைல் தாளுக்குத்தான் முதல் இடம். அது கிடைக்காத இடத்தில் ரியூப்பை ஒழுங்காக ஒட்டினால் ஏறக்குறைய அதே பலன். ஸ்பொஞ்ச் வீண். தார்த் தாள் எங்கள் வெய்யிலுக்கு ஆகாது.

எதையும் வாங்குவதற்கு முன், பாடுவது பெட்டிதானா என்று உறுதி செய்யுங்கள். கரண்டை நிறுத்தி, எல்லா வயரையும் கழற்றிவிட்டு, அதே பேட்டில் அதே விசையில் அடியுங்கள். "ணிங்" அப்படியே கேட்டால் குற்றவாளி தகடு. கேட்காவிட்டால் அது சத்தத்தின் உள்ளேயே இருக்கிறது, தாள் ஒட்டிப் பயனில்லை. இந்தச் சோதனை ஏன் தேவை என்றால், காது ஏமாறும். 1980இல் வந்த ரோலண்ட் ரிஆர்-808 என்ற ட்ரம் மெஷினின் கவ்பெல் (மாட்டு மணி) சத்தம் ஏறத்தாழ 540, 800 ஹேர்ட்ஸில் ஓடும் இரண்டு சதுர அலைகளால் ஆனது. மெல்லிய உருக்குத் தகட்டின் கணகணப்பும் பெரும்பாலும் அதே சில நூறு ஹேர்ட்ஸில் தொடங்கி மேலே ஏறுவதால், எது மெஷினின் ஒலி, எது பெட்டியின் ஒலி என்று பிரிப்பது கடினம். அடிக்காத நேரத்திலும் விடாமல் "ம்ம்ம்" என்று கேட்டால் அது கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். எர்த்தைப் பாருங்கள், அது வேறு கதை.

அடுத்தது திருகாணிகள். கிரவல் வீதியில் பட்டா லொறியின் பின்பக்கத்தில் ஏறி இறங்கி வந்த மெஷினில், ஒன்றிரண்டு ஆணியாவது தளர்ந்திருக்கும். தளர்ந்த ஆணியின் சத்தம் மணிபோல இழுபடாது. "சர்ர்" என்று நடுங்கி நிற்கும். இந்த வேறுபாட்டைக் காது பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லா ஆணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு இழுபட்டு, இன்னும் கூடப் பாடும். உலோகத்தில் உலோகம் ஏறும் ஆணிக்கு, பிறகு கழற்றக்கூடிய நீல நிறத் திரெட்லொக் (ஆணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஆணிக்கு அதைத் தொடவே வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும்.

ஆணி இறுகியும் சத்தம் நிற்கவில்லையா? ஒரு உள்ளங்கையைத் தகட்டில் பதித்து, மறுகையால் அடியுங்கள். எந்தத் தகட்டில் கை வைத்தால் சத்தம் சட்டென்று சாகிறதோ, அதற்குத்தான் மருந்து வேண்டும். பெரும்பாலும் அது அடித்தகடு. பரப்பு அதிகம், வளைவு இல்லை, நான்கு ஓரத்தில் மட்டும் ஆணி.

வெறும் பித்தளைக் குடத்தைச் சுண்டினால் எவ்வளவு நேரம் ஒலிக்கும்! அதன் வயிற்றில் ஈரத்துணியை ஒட்டச் சுற்றிவிட்டுச் சுண்டினால் "டொக்" என்பதோடு சரி. அதே துணியைச் சுருட்டிக் குடத்துக்குள்ளே போட்டால்? ஒலி கொஞ்சம் மங்கும், நிற்காது. ஐந்து வழிகளில் எது வெல்லும், எது தோற்கும் என்பதற்கு விடை இந்தக் குடத்திலேயே இருக்கிறது. அதிர்வது தகடு. தகட்டோடு ஒட்டிக்கொண்டு, தகடு வளையும்போதெல்லாம் தானும் இழுபட்டு, அந்த இழுவையைச் சூடாக மாற்றித் தின்கிற பொருள்தான் வேலை செய்யும்.

ஸ்பொஞ்ச் தோற்பது இதனால்தான். அது காற்றில் போகும் ஒலியை உறிஞ்சும், தகட்டைப் பிடிக்காது. மூடியை மூடும்போது நன்றாக அமுங்கித் தகட்டை அழுத்தினால் மட்டும் கொஞ்சம் பலன் தெரியும். ஆனால் அந்த அமுக்கம் சேர்க்கிட் போர்டிலும் விழும். காற்றோட்டத்தை அடைத்துச் சூட்டையும் உள்ளே பூட்டும். இவற்றைவிடப் பெரிய கேடு பிறகு வரும். சாதாரண பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச் ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும் இடத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்து பிசுபிசுத்த பொடியாகும். மார்கழி மழைக்கும் சித்திரை வெய்யிலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்களில் அதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பொடி நொப்களுக்குள் இறங்கினால், திருகும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரக்கும். திருத்துவதற்கு வரும் மெஷின்களில் இதைக் காணும்போது மனம் வலிக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் திணித்திருப்பார்கள்.

றப்பர் பாயின் வேலை வேறு. அது பெட்டியை அடக்காது. பெட்டியின் அதிர்வு மேசைக்கோ இரும்பு ஸ்டாண்டுக்கோ இறங்காமல் தடுக்கும். ஸ்டாண்டின் வெற்றுக் குழாய்தான் பாடுகிறது என்றால் இதுவே போதும், மற்ற நான்கையும் மறந்துவிடலாம். 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டை நான்கு மூலையிலும் உள்ளங்கையில் பாதியளவுக்கு வெட்டி வையுங்கள். முழுப் பாயாக விரித்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும்.

தார்த் தாள் தகட்டோடு ஒட்டும், கனமும் இருக்கிறது, விலையும் குறைவு. குளிர்ந்த அறையில் நல்ல பலன் தருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிறுத்திவைத்த வாகனத்துக்குள் வெய்யில் நேரத்தில் 60 பாகை செல்சியஸ் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் தார் இளகி, தன் கனத்தாலேயே வழுகும், வாசமும் வரும். மேல்தகட்டின் உட்புறத்தில் ஒட்டியது ஒரு திருவிழாக் காலத்திலேயே போர்டின் மேல் விழலாம். வன்னியில் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இனி உண்மையான போட்டி: பியூட்டைல் தாளும் சைக்கிள் ரியூப்பும்.

பியூட்டைல் தாள் வாகன ஓடியோ பொருத்தும் கடைகளில் கிடைக்கும். 2 மில்லிமீற்றர் தடிப்பு போதும். ஒரு பக்கம் ஒட்டும் றப்பர், மறுபக்கம் மெல்லிய அலுமினியத் தோல். இந்தத் தோல் அழகுக்காகப் போட்டதல்ல. தகடு வளையும்போது அலுமினியம் தன் இடத்தில் விறைத்து நிற்கும். நடுவில் அகப்பட்ட றப்பர் இரண்டு பக்கமும் இழுபடும். அந்த இழுவையில்தான் ஒலி சாகிறது. தோல் இல்லாத வெறும் றப்பர் இதில் பாதி வேலையும் செய்யாது.

ஒட்டும் முறை இது. அடாப்டரைக் கழற்றி, மூடியைத் திறக்கும் முன் ஆணிகளின் இடத்தைப் போனில் படம் எடுங்கள்; நீளம் மாறிய ஆணி போர்டைக் குத்தும். மூடியை இழுக்காமல் மெல்லத் தூக்குங்கள், றிபன் வயர் ஒன்று உள்ளே இணைந்திருக்கலாம். தகட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். தகட்டின் பரப்பில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குவரை மூடினால் போதும். 30க்கு 20 சென்ரிமீற்றர் அடித்தகடென்றால் 15க்கு 10 அளவில் ஒரே துண்டு. ஏறக்குறைய 50 கிராம் கனம் கூடும். நேர் நடுவில் ஒட்டாமல், ஒரு மூலைப்பக்கம் இரண்டு விரல் தள்ளி ஒட்டுங்கள். தகடு பல விதமாக வளையும். சில வளைவுகளில் நேர் நடு அசையாமல் இருப்பதால், அங்கே மட்டும் ஒட்டியது அந்த வளைவுகளைத் தொடாது. பிறகு கரண்டியின் பின்புறத்தால், தோலில் இருக்கும் மேடுபள்ளம் மட்டமாகும்வரை அழுத்தித் தேயுங்கள். அழுத்தாமல் விட்ட தாள் வெறும் பாரம்தான்.

இதில் நடக்கும் பெரிய பிழை ஒன்று: அலுமினியத்தில் மின்சாரம் பாயும். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் கால் ஒன்று அதைத் தொட்டால் மெஷின் போச்சு. போர்டுக்கும் தாளுக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். வெட்டிய ஓரங்கள் உட்படத் தோல் முழுவதையும் கப்டன் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடுங்கள். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றர் தகட்டோடு ஆணியால் இறுக்கப்பட்டிருந்தால் அந்தத் தகடே சூட்டை வெளியேற்றுவது. அதைச் சுற்றி மூன்று விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். பேட்களுக்கு அடியில் உள்ள சென்சரிலும் எதுவும் ஒட்டக் கூடாது.

சைக்கிள் ரியூப்பை மலிவான பதிலீடு என்று ஒதுக்க வேண்டாம். பெரும்பாலான ரியூப்கள் பியூட்டைல் றப்பரிலேயே செய்யப்படுகின்றன, அதாவது தாளின் உறவுக்காரன். சைக்கிள் இல்லாத வீடு அரிதான எங்கள் ஊரில், ஒட்ட முடியாமல் கிழிந்த ரியூப் எந்தச் சைக்கிள் கடையிலும் சும்மா கிடைக்கும். ஆனால் அது பதப்படுத்தி இறுகிய றப்பர், தானாக ஒட்டாது, தோலும் இல்லை. இந்த இரண்டு குறையையும் நாங்கள்தான் நிரப்ப வேண்டும்.

பலர் தோற்பது பசையில். ஒட்டுப் போடும் சொலூசன் றப்பரோடு றப்பரை இணைக்கச் செய்தது. தகட்டில் பூசினால் ஒரு மாதத்தில் உரியும். தச்சர்கள் ஃபோமிகா ஒட்டும் மஞ்சள் கொண்டக்ட் பசைதான் இதற்கு. ரியூப்பை நீளவாக்கில் வெட்டி விரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். 120 ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் இரு பக்கமும் மினுக்கம் போகத் தேயுங்கள். தகட்டிலும் றப்பரிலும் மெல்லியதாகப் பசை பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே அகப்பட்டுக் கொப்பளிக்கும். றப்பரின் முதுகில் குளிர்பான அலுமினிய ரின்னை வெட்டி மட்டமாக்கி, பெயின்ற்றைத் தேய்த்துவிட்டு, அதே முறையில் ஒட்டுங்கள், இதுதான் தோல். ஓரம் கத்திபோல இருக்கும், கையுறை போடுங்கள். இன்சுலேஷன் டேப் சூட்டில் நழுவும் என்பதால் இதற்கும் கப்டன் டேப்தான். மூடியைத் திறந்தபடியே ஒரு நாள் வைத்து, பசை வாசம் முற்றாகப் போன பிறகே கரண்ட் கொடுங்கள். அந்த ஆவி தீப்பிடிக்கும்.

பலனைக் காதால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். முன்னும் பின்னும் போனை ஒரே இடத்தில் வைத்து, விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பதிவு செய்து, அலையின் வால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பியூட்டைல் தாளில் வால் மிகக் குறுகிவிடும். ரியூப்பில் சற்று மிஞ்சும். மேடையில் அந்த வித்தியாசம் தெரியாது, ஸ்டூடியோவில் தெரியலாம். நேரக் கணக்கில் தாள் அரை மணி வேலை, ரியூப் இரண்டு நாள்.

வாரண்டி முடியாத மெஷினைத் திறக்க வேண்டாம். பெட்டியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அது உருக்கு. ஸ்டிக்கர் கடைகளில் விற்கும் காந்தத் தாளை அடித்தகட்டின் வெளியே பதித்தாலே கணிசமாகக் குறையும். அலுமினியப் பெட்டியில் இது பலிக்காது. பழைய ஃபுளொப்பி டிஸ்க் பாவிக்கும் மெஷினில் காந்தத்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.

தகடு அடங்கியதும் பேட் செட்டிங்கை மறுபடி பாருங்கள். ஒரு பேட்டில் அடித்தால் அடுத்ததும் ஒலிக்கிறது என்று முன்பு திரெஷோல்டையோ (எவ்வளவு மெல்லிய அடிவரை ஒலிக்கலாம் என்ற எல்லை) குரொஸ்டோக் கான்சலையோ (பக்கத்துப் பேட்டின் அதிர்வைப் புறக்கணிக்கும் அளவு) ஏற்றி வைத்திருப்பீர்கள். அந்த அதிர்வைக் கடத்தியதில் பெட்டிக்கும் பங்கு உண்டு. இப்போது அந்த அளவுகளை ஒவ்வொரு படியாகக் குறைக்கலாம், மெல்லிய விரல் தட்டலும் திரும்பக் கேட்கத் தொடங்கும். முதல் நீண்ட பயணம் முடிந்து இறக்கியதும் ஆணிகளை இன்னொருமுறை தொட்டுப் பாருங்கள். புதுப் பாரம் ஏறிய தகடு அவற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கும்.