நேச்சுரல் நம்பர் கேம்: 0 + அ = அ என்பதற்கே நிரூபணம் கேட்கும் விளையாட்டு

வேலைக்குப் போய்க்கொண்டே கணிதத்தை நிரூபணத்தோடு கற்க நினைப்பவருக்குப் புத்தகம் கிடைப்பது சிரமமில்லை. எழுதிய நிரூபணத்தைத் திருத்தித் தர ஆள் கிடைப்பதுதான் சிரமம். சிங்கப்பூரில் டியூஷன் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை தேர்வை வைத்து நடப்பவை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு தாளை நீட்டி, "இந்தப் படி செல்லுமா?" என்று கேட்க அங்கே இடமில்லை. நேச்சுரல் நம்பர் கேம் அந்தக் குறையின் ஒரு பாதியைத் தீர்த்துவைக்கிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கெவின் பஸார்ட் 2019இல் தொடங்கிவைத்தது இது. நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் என்ற மென்பொருள் அடியில் ஓடுகிறது. பிரவுசரில் திறந்தால் போதும். கட்டணம் இல்லை, எதையும் நிறுவ வேண்டியதில்லை. முதல் 'உலகம்' (பல நிலைகள் கொண்ட ஒரு பகுதி) 2 + 2 = 4 என்ற நிரூபணத்தோடு முடிகிறது. அதன் பின் கூட்டல், பெருக்கல், அடுக்கு என்று உலகங்கள் விரிகின்றன.

கூட்டல் உலகத்தின் முதல் நிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடரி(ஆ) என்றால் ஆவுக்கு அடுத்த எண். கையில் இருப்பவை இரண்டே விதிகள்: அ + 0 = அ; அ + தொடரி(ஆ) = தொடரி(அ + ஆ). நிரூபிக்க வேண்டியது 0 + அ = அ. "இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விதிகள் இரண்டும் வலப்பக்க எண்ணைப் பற்றியே பேசுகின்றன. பூச்சியம் இடப்பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று எங்கும் சொல்லவில்லை. அ + ஆ = ஆ + அ என்ற பரிமாற்றுப் பண்பைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் அதை இன்னும் நிரூபிக்கவில்லை. அதை நிரூபிக்கவே இந்த முடிவு தேவைப்படும். ஆகவே அ மீது இண்டக்‌ஷன். அதாவது முதலில் 0க்குக் காட்டி, பிறகு ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டுவது. அடிப்படை 0 + 0 = 0, முதல் விதியிலேயே முடிந்துவிடும். அடுத்து 0 + ஆ = ஆ என்பது எடுகோளாகக் கையில் வரும்; 0 + தொடரி(ஆ) = தொடரி(ஆ) என்று காட்ட வேண்டும். இரண்டாம் விதி இடப்பக்கத்தைத் தொடரி(0 + ஆ) ஆக்கும், எடுகோள் அதைத் தொடரி(ஆ) ஆக்கும். அவ்வளவுதான்.

சிங்கப்பூர் ஜூனியர் காலேஜில் (ஜேசி) 2017க்கு முந்தைய எச்2 கணிதப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இண்டக்‌ஷன் ஒரு வாய்ப்பாடாக நினைவிருக்கும்: முதல் வரி, நடுவில் இயற்கணிதம், கடைசியில் மதிப்பெண்ணுக்கான ஒரு வாக்கியம். அதன்பின் அந்தப் பகுதி ஃபர்தர் மேத்ஸ் என்ற தனிப் பாடத்துக்குப் போய்விட்டது, அதனால் இளையவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இரு தரப்பினருக்கும் இந்த விளையாட்டு நல்லது. எடுகோள் என்பது சடங்கு வாக்கியம் இல்லை, பயன்படுத்தித் தீர வேண்டிய கருவி என்று இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

எங்கே சிக்கும்? கூட்டல் உலகத்தின் ஐந்தாவது, கடைசி நிலையில்: (அ + ஆ) + இ = (அ + இ) + ஆ. பரிமாற்றுப் பண்பை வெறுமனே ஏவினால் கணினி முதலில் பொருந்தும் கூட்டலை, அதாவது வெளிக் கூட்டலைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கத்தை இ + (அ + ஆ) என்று ஆக்கிவிடும். அதையே திரும்பத் திரும்பத் தட்டுவதில் பலனில்லை. முதலில் இடப்பக்கத்தை (அ + ஆ) + இ = அ + (ஆ + இ) என்ற சேர்ப்புப் பண்பால் அ + (ஆ + இ) என்று மாற்றுங்கள். பிறகு ஆ, இ இரண்டையும் பெயர் சொல்லிப் பரிமாற்றுப் பண்பை ஏவுங்கள். இன்னொரு முறை சேர்ப்புப் பண்பை ஏவினால் இரு பக்கமும் ஒன்றாகும். எந்த இடத்தில் எந்த விதி என்று சொல்லாமல் விடக்கூடாது என்ற பழக்கம் இந்த ஒரு நிலையிலேயே படிந்துவிடும்.

அடுக்கு உலகத்தின் பத்தாவது நிலையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அது பல நூற்றாண்டுகளாக நிரூபணம் கிடைக்காமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல்தான் அச்சேறியது. அந்த உலகத்துக் கருவிகளால் அது ஆகாது.

பெரிய குறை வேறொன்று. புரியாமலேயே இதில் ஜெயிக்கலாம். இலக்கு என்ன, எடுகோள் என்ன என்பதைத் திரையே நினைவில் வைத்துக்கொள்கிறது. கட்டளைகளை மாற்றி மாற்றித் தட்டினால் எப்படியோ பச்சை விழுந்துவிடும். ஆகவே கட்டளையைத் தட்டும் முன் அடுத்த வரியைத் தாளில் எழுதுங்கள். மறுநாள் திரையைத் திறக்காமல் அதே நிரூபணத்தை முழு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த நிலை இன்னும் முடியவில்லை. வாக்கியத்தில் நிரூபணம் எழுத இந்த விளையாட்டு கற்றுத் தராது, தீராத மறுபாதி அதுதான்.

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போனில் விளையாட ஏற்றதில்லை, விசைப்பலகை வேண்டும். முன்னேற்றம் அந்தந்த பிரவுசரில்தான் சேமிக்கப்படுகிறது. நூலகத்தின் பொதுக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ செய்பவர்கள், எழுந்து போகும் முன் மெனுவில் இருக்கும் பதிவிறக்கப் பொத்தானை அழுத்திக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை முதலிலிருந்துதான்.

பெருக்கல் உலகத்தின் ஒன்பது நிலைகளும் முடிந்த கையோடு கணிதவியலாளர் டெரன்ஸ் டாவின் 'அனாலிசிஸ் 1' புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகலாம். ஹிந்துஸ்தான் புக் ஏஜென்சி 2006இல் வெளியிட்டது. அதுவும் இயல் எண்களிலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் கூட்டலின் வரையறை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும்: அங்கே 0 + அ = அ என்பது வரையறை, அ + 0 = அ என்பதை நிரூபிக்க வேண்டும். விளையாட்டில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிரூபணத்தையும் இந்தத் திருப்பத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள். சேர்ப்புப் பண்பில் இண்டக்‌ஷனை இ மீது செய்திருந்தால் இங்கே அ மீது செய்ய வேண்டிவரும். ஏன் என்று இரண்டு வரியில் எழுத முடிந்தால் தைரியமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.