கை போனவர்களிடமும் காசு பிடுங்குகிறார்கள்: ஓசூர் பக்கம் இருப்பவர்கள் கவனம்

38,000 ரூபாய். பாலக்கோட்டில் தக்காளி விற்று அப்பா சேர்த்து வைத்திருந்த பணம். அது போன வழியைச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

என் தம்பி ஓசூர் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். உருப்படி அதிகம் விழ வேண்டும் என்று தகடு அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பெடலில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரி வாசலிலேயே சூப்பர்வைசர், "பைக்ல விழுந்தேன்னு சொல்லிடுடா, மத்ததைக் கம்பெனி பாத்துக்கும்" என்றாராம். அப்புறம் கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

விபத்து இழப்பீடு வாங்கித் தருவதாகப் போர்டு போட்டிருந்த ஒரு கன்சல்டன்சிக்கு அவனை அழைத்துப் போனேன். கட்டோடு வந்தவனைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட முடியாதே என்று இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினார். அத்தனையும் எழுதாத தாள்கள். முடித்ததும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, அவரே அவன் விரலைத் துடைத்துவிட்டார். "இவன் எனக்கும் தம்பிதான்க்கா. எட்டு லட்சம் மொத்தமா வாங்கித் தரேன். இஎஸ்ஐ பக்கம் மட்டும் போயிடாதீங்க, போனா கேஸ் நிக்காது" என்றார். இஎஸ்ஐ என்பது சம்பளத்தில் பிடித்தம் செய்து நடக்கும் அரசுத் தொழிலாளர் காப்பீடு. மையைத் துடைத்துவிட்ட அந்தக் கையை நம்பித்தான் அன்றைக்கே 20,000 ஜிபேயில் போட்டேன். வக்கீல் பீஸ், மெடிக்கல் போர்டு செலவு என்று பிறகு 18,000. ஆக 38,000. ரசீதுக்கு, "கேஸ் முடியட்டும்க்கா, சேர்த்துத் தரேன்".

அதற்குப் பிறகு ஃபைல் சேலம் போயிருக்கிறது, ஆபீசர் லீவு, ஆடி கழியட்டும். கொஞ்ச நாளில் போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பரில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டார்.

பொறுக்க முடியாமல் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய் தம்பியின் இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுத்தேன். சம்பளத்தில் பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. விபத்து ரிப்போர்ட்தான் வரவே இல்லை. கேஸும் எங்கேயும் போடவில்லை. போடவும் முடியாது! இஎஸ்ஐயில் இருப்பவர் வேலையில் அடிபட்டால் இஎஸ்ஐ வழியாகத்தான் வாங்க வேண்டும், முதலாளி மீது தனியாக இழப்பீட்டு வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை. எட்டு லட்சம் என்பது முதல் நாளிலிருந்தே பொய்.

உண்மையில் அவனுக்குக் கிடைக்க வேண்டியது இதுதான். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சட்ட அட்டவணையிலேயே சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு. டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு உறுதி செய்தால் அந்தக் கணக்கில் ஆயுசுக்கும் பணம் வரும். வேலை அடிக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இதற்கெல்லாம் பீஸே இல்லை. நாங்கள் 38,000 கொடுத்தோம்.

நேரில் போய்ப் பணத்தைக் கேட்டதற்கு, "கொடுத்ததுக்கு எழுத்து இருக்கா?" என்கிறார். ஜிபே இருக்கிறது என்றேன். அது கைமாத்தாம். தம்பியின் ரேகை பதிந்த வெற்றுத்தாள்கள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. எதில் எதை எழுதி வைப்பாரோ, எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சொல்வதாகச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் மெஷினில் அடிபட்டது என்றே எழுத வையுங்கள், யார் என்ன சொன்னாலும். கம்பெனி ரிப்போர்ட் அனுப்பாவிட்டால் இஎஸ்ஐ கிளை மேலாளருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். வெற்றுத்தாளில் ரேகை வைக்காதீர்கள். இஎஸ்ஐ இல்லாதவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். இதே மாதிரி பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒற்றைப் புகாரை அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.