"சீனியர் ஸ்பெஷல்" சிங்கப்பூர் டூர்: வீல்சேரில் அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

நடக்கச் சிரமப்படும் அம்மாவையோ அப்பாவையோ சிங்கப்பூருக்கு அழைத்துப் போகலாம் என்று "சீனியர் சிட்டிசன் ஸ்பெஷல்" பேக்கேஜ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சி அந்தப் பெயரைச் சொல்லி எங்களிடம் கூடுதலாகப் பணம் வாங்கியது. வாங்கிக்கொண்டு, காலேஜ் பசங்களுக்குப் போடும் அதே டூரை எங்களுக்கும் போட்டுக் கொடுத்தது. ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் வக்கீல் வேண்டாம் என்கிறார். சரி, பெயர் இல்லாவிட்டால் என்ன, எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்லலாமே.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரை இருப்பதால் ஆபரேஷனை டாக்டரே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார், வெளியே என்றால் வீல்சேர். கைப்பிடி இருந்து, பின்னால் ஒருவர் நின்றால் ஒரு படி ஏறுவார், அவ்வளவுதான். இதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதி அனுப்பினேன், டாக்டர் சீட்டையும் சேர்த்து. "மேடம், நீங்க கவலையே படாதீங்க, அம்மாவை எங்க அம்மா மாதிரி பார்த்துக்குவோம்" என்று பதில் வாய்ஸ் மெசேஜில் வந்தது. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வாய்ஸ் மெசேஜாகவோ போன் காலாகவோதான் வரும், எழுத்தில் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வழக்கமான பேக்கேஜ் விலைக்கு மேல் அம்மாவுக்கு மட்டும் "சீனியர் கேர் சார்ஜ்" என்று 14,500 ரூபாய். விமான நிலைய வீல்சேர் உதவி 4,500, வீல்சேர் ஏறும் வண்டி 6,000, அரைவல் கார்டு 1,000, கார்டன்ஸ் பை த பே பூங்காவின் லைட் ஷோவுக்கு முன்வரிசை இடம் 3,000. இந்தக் கணக்கைப் பிரித்துத் தரவே திரும்பி வந்த பிறகு தம்பி அவர்கள் ஆபீஸில் போய் உட்கார வேண்டியிருந்தது. இந்த நான்கில் மூன்று நாங்களே இலவசமாக வாங்கியிருக்கக் கூடியவை. மீதி ஒன்றை, அந்த வண்டியை, அவர்கள் தரவே இல்லை.

முதலில் வீல்சேர். விமான நிறுவனத்துக்கு நானே போன் செய்து கேட்டேன், அந்த உதவிக்கு அவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் போதும். ஏஜென்சிக்காரர் செய்ததெல்லாம் டிக்கெட் போடும்போது வீல்சேருக்கான ஒரு கோடு (குறியீடு) சேர்த்ததுதான், அதையும் தப்பாகச் சேர்த்திருந்தார். இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீல்சேர் கோரிக்கையில் மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்றால் நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், இருக்கை வரை தானே போவார் என்று அர்த்தம். டபிள்யூ.சி.ஹெச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் கொஞ்சம் நடப்பார். டபிள்யூ.சி.ஹெச்.சி. என்றால் நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது. டிக்கெட்டில் இருந்தது முதலாவது.

ஏரோபிரிட்ஜ், அதாவது விமானக் கதவோடு நேரே இணையும் நடைபாதை, இருந்தால் இந்த வித்தியாசம் தெரியாமலே போயிருக்கும். எங்கள் விமானம் தூரத்தில் நின்றது. சென்னையில் பஸ்ஸில் ஏற்றி, ஏணிப்படி அடியில் கொண்டுபோய் விட்டார்கள். வீல்சேர் தள்ளி வந்த பையன் அம்மாவிடம் "ஏறிடுவீங்கல்லம்மா?" என்கிறான். அம்மா அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். தரைப் பணியாளர் தன் கையில் இருந்த பட்டியலைக் காட்டி, "இதுல படி ஏறுவாங்கன்னுதான் மேடம் இருக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆம்புலிஃப்ட், அதாவது வீல்சேரோடு விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கும் வண்டி, வேறொரு விமானத்தில் இருந்தது. அது வரும் வரை தார்த் தரையில், வெயிலில் துப்பட்டாவை விரித்து அம்மா தலைக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்ற எல்லோரும் ஏறி உட்கார்ந்து, எங்களால் தாமதம் என்று முறைத்துக்கொண்டிருந்த விமானத்துக்குள் கடைசியாக ஏறினோம். அம்மா இருக்கையில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "என்னால எல்லாருக்கும் கஷ்டம்டி." 4,500 ரூபாய்க்கு இதுதான் கிடைத்தது.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், கணவன் மனைவி இருவருக்கும் வீல்சேர் கேட்டிருந்தும் ஒன்றுதான் வந்தது என்பதால் மனைவியின் வீல்சேரோடு சேர்ந்து நடந்து போன 80 வயதுக்காரர் விழுந்து இறந்துபோனார். அதற்காக இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. டிக்கெட் யார் போட்டாலும் சரி, பிஎன்ஆர் எண்ணை வைத்துக்கொண்டு விமான நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு எந்தக் கோடு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நான் அதைத்தான் செய்தேன், பத்து நிமிஷ வேலை.

அரைவல் கார்டு கதை இன்னும் கேவலம். சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி அரைவல் கார்டு நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு மூன்று நாளைக்குள், அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் இணையதளத்திலோ செயலியிலோ. முழுக்க இலவசம். காசு கேட்கும் போலித் தளங்களைப் பற்றி ஐசிஏவே எச்சரித்திருக்கிறது. விசா வேறு, அதற்குக் கட்டணம் உண்டு, இது அதுவல்ல. ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க ஆயிரம் ரூபாய்.

அப்புறம் ஹோட்டல். லிட்டில் இந்தியாவில் வேண்டும் என்று கேட்டது அம்மாதான். இறங்கினால் இட்லி கிடைக்கும், வீரமாகாளியம்மன் கோயில் பக்கத்திலேயே, பூக்கடை, மல்லிகை வாசம். நியாயமான ஆசை. ஆனால் அந்தப் பகுதியில் நிறைய ஹோட்டல்கள் பழைய கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடு) அப்படியே வைத்து உள்ளே மாற்றிக் கட்டியவை. அந்தக் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, முகப்பை இடிக்க முடியாது. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை பார்க்க அழகு, வெயில் மழைக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு கடை வாசலிலும் தளம் ஒரு உயரம், இங்கே ஒரு படி ஏறும், அங்கே அரைப் படி இறங்கும். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் அது புரியும்.

"லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டிருந்தேன். "இருக்கு மேடம்." பொய்யில்லை, இருந்தது. வாசலில் இரண்டு படி, வரவேற்பறையைத் தாண்டி உள்ளே ஏழு படி, அதற்கு மேலேதான் லிஃப்ட் தொடங்குகிறது! தம்பியும் ஹோட்டல் பையனும் அம்மாவை வீல்சேரோடு தூக்கினார்கள். அறைக்குள் போனால் குளியலறைக் கதவு சிறிசு. அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு தையல் டேப் இருக்கும், அதை எடுத்து அளந்தேன். கதவு 56 சென்டிமீட்டர், எங்கள் வீல்சேர் 63. உள்ளே ஒரு சாண் உயரத்துக்குத் திண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, தரை வழுவழு. ராத்திரி அம்மா தண்ணீரே குடிக்கவில்லை, எழுந்து போக வேண்டியிருக்குமே என்று. இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. சர்க்கரை இருப்பவர் அந்தப் புழுக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த ஏஜென்சிக்காரருக்கு யார் சொல்வது?

அதனால் "வீல்சேர் ஃப்ரெண்ட்லியா?" என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, குளியலறைக் கதவின் அகலம் எவ்வளவு, ஷவருக்கு முன் திண்டு உண்டா, கழிப்பறைக்குப் பக்கத்தில் கம்பி உண்டா என்று ஹோட்டலுக்கே மின்னஞ்சல் போட்டு, போட்டோவோடு பதில் கேளுங்கள். ஏஜென்சி வழியாகக் கேட்டால் பதில் ஏஜென்சியின் பதிலாகத்தான் வரும்.

மறுநாள் காலை வண்டி. 6,000 ரூபாய் கொடுத்த வீல்சேர் வண்டி. வந்தது 13 பேர் உட்காரும் மினி பஸ், ஏற்கெனவே மூன்று ஹோட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு. முதல் படியே என் முழங்கால் உயரம். டிரைவர் உள்ளூர்த் தமிழர், வீல்சேரைப் பார்த்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, எனக்கு வந்த பேப்பர்ல எஸ்ஐசின்னுதான் இருக்கு, வீல்சேர்னு யாருமே சொல்லலையே" என்று காட்டினார். எஸ்ஐசி என்றால் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு இருக்கை, அவ்வளவுதான். ஏஜென்சி கொடுத்த பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அழகழகான படங்களுக்குக் கீழே, பொடி எழுத்தில், எல்லா நாளுக்கும் எஸ்ஐசி. தனி வண்டி என்றால் "பிரைவேட்" என்று இருந்திருக்க வேண்டும், வீல்சேர் சரிவுப் பலகை உள்ள வண்டி என்றால் அதையும் தனியாக எழுதியிருக்க வேண்டும். போனில் சொன்னது "அம்மாவுக்காக ஸ்பெஷல் வண்டி மேடம்".

அங்கிருந்தே போன் போட்டோம். எடுக்கவில்லை. மதியம் எடுத்து, "நீங்க ஏறலைன்னா அது நோ ஷோ மேடம், ரீஃபண்ட் வராது" என்றார்.

சரி போ என்று அன்றோடு அவர்கள் டூரை விட்டுவிட்டோம். கொஞ்சம் தள்ளி, நடமாட்டக் குறைவு உள்ளவர்களுக்கான அறை இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்கு மாறினோம், ஒரு இரவுக்கு 210 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), கை கடித்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் எரிச்சலே அதிகமானது, ஏனென்றால் அந்த ஊரில் வீல்சேரோடு சுற்ற ஏஜென்சியே தேவையில்லை. எம்ஆர்டி, அதாவது மெட்ரோ ரயில், நிலையம் ஒவ்வொன்றிலும் படியில்லாத ஒரு வழியாவது உண்டு, லிஃப்ட் உண்டு, அகலமான கேட் உண்டு, வீல்சேர் நுழையும் கழிப்பறை உண்டு. லிஃப்ட் எந்த வாசலில் என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் போதும், இல்லாவிட்டால் சாலையைச் சுற்றி வர வேண்டியிருக்கும். 2020-க்குப் பிறகு பொதுப் பேருந்துகள் எல்லாமே வீல்சேர் ஏறும்படிதான் ஓடுகின்றன. சிராங்கூன் சாலையில் நாங்கள் ஏறிய பஸ்ஸில், ஓட்டுநர் தன் இருக்கையை விட்டு இறங்கி வந்து, நடுக்கதவில் மடிந்திருந்த பலகையைக் கையால் விரித்து, அம்மா முதலில் ஏறி இடத்தில் நிற்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மற்றவர்களை ஏற்றினார். யாரும் உச்சுக் கொட்டவில்லை. வீல்சேர் நிற்கும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, இறங்கும் நிறுத்தம் வரும்போது அதை அழுத்தினால் ஓட்டுநர் மறுபடி வந்து பலகை போடுகிறார். அம்மா அந்தப் பொத்தானை அழுத்துவதற்காகவே இரண்டு நிறுத்தம் முன்னாலிருந்து தயாராக இருந்தார். இதற்கு ஆன செலவு பஸ் கட்டணம்.

அந்த 3,000 ரூபாய் லைட் ஷோவையும் சொல்லிவிடுகிறேன். கார்டன்ஸ் பை த பேயில் அந்தப் பெரிய மரக் கோபுரங்களுக்கு நடுவே மாலை 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோடு விளக்கு எரியும். கீழே இருந்து பார்க்க டிக்கெட்டே கிடையாது, முன்வரிசை பின்வரிசை என்று எதுவும் கிடையாது, ஜனங்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். காசு வாங்குவது மேலே உள்ள பாலத்தில் ஏறுவது, கண்ணாடிக் கூடங்களுக்குள் போவது போன்றவற்றுக்குத்தான்.

திரும்பி வந்ததும் பணம் கேட்டோம். முதலில் "மேனேஜர்கிட்ட பேசறேன்", அப்புறம் "ஹோட்டல் மேலதான் தப்பு", அப்புறம் அடுத்த டூரில் கழித்துக்கொள்ள 5,000 ரூபாய் கூப்பன். கடைசியாக, "வீல்சேர் வண்டின்னு நாங்க எங்க மேடம் எழுதிக் கொடுத்தோம்?" எழுத்தில் ஏன் பதிலே வரவில்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் நான் எழுதியவை இருக்கின்றன, அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன, பிரித்துக் கொடுத்த கணக்கும் இருக்கிறது. டேப்பால் அளந்த போட்டோவும் எடுத்து வைத்திருந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்தால் நிறுவனத்துக்குத் தகவல் போகிறது. எங்கள் விஷயத்தில் அதற்கு அவர்கள் மசியவில்லை, அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் போடலாம். நோட்டீஸ் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் அதே ஏஜென்சி துபாய்க்கு "சீனியர் ஸ்பெஷல்" விளம்பரம் போட்டிருக்கிறது. வீல்சேரில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் படம், எங்களுக்கு அனுப்பிய சிங்கப்பூர் நோட்டீஸில் இருந்த அதே பாட்டி. உங்கள் வாட்ஸ்அப்புக்கு அது வந்திருந்து, நீங்கள் முன்பணமும் கட்டியிருந்தால், இன்றைக்கே இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: வண்டி எஸ்ஐசியா பிரைவேட்டா, டிக்கெட்டில் வீல்சேர் கோடு எது. பதில் வாய்ஸ் மெசேஜில் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிடுங்கள்.