டயல் போர் கேஜ் (50–160 மி.மீ.): இன்ஜின் பூட்டும் முன் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் கூடவே நல்ல மைக்ரோமீட்டர் (வெளி அளவை நுட்பமாக அளக்கும் திருகுக் கருவி) இருக்க வேண்டும். போர் எனப்படும் சிலிண்டர் உள்துளையின் விட்டத்தை அளக்கும் இந்தக் கருவி தானாக அளவு சொல்லாது. மைக்ரோமீட்டரில் வைத்த அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்று மட்டுமே காட்டும். ஒரு கோடு 0.01 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி பல இன்ஜின்களில் 0.03, 0.05 மி.மீ. என்ற அளவில்தான் இருக்கும் என்பதால், இரண்டு கோடு பிழைகூட பெரிய பிழை.

பிஸ்டனை அதன் பின்னுக்கு (pin, பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் தண்டு) குறுக்காக, ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவர்) கையேடு சொல்லும் உயரத்தில் அளந்து, அதே மைக்ரோமீட்டரைப் பூட்டி, அதில் கேஜைச் சுழியம் வையுங்கள். பிறகு போரில் காட்டும் விலகலே நேரடியாக இடைவெளி. கழித்தல் கணக்கில் வரும் தவறு இங்கே இல்லை. எனக்கு மிகப் பிடித்த வசதி இது.

மேல், நடு, கீழ் என 3 உயரம், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின் (pin) இருக்கும் திசையிலும் அதன் குறுக்கிலும் போரை அளக்க வேண்டும். கேஜை முன்பின் ஆட்டி, முள் திரும்பும் இடத்தைப் படியுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதை விட்டுவிட்டால் அளந்தே பயனில்லை. ஹோனிங் (போரின் உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) முடிந்த சூட்டோடும் அளக்காதீர்கள், போர் விரிந்திருக்கும்.

குறை: நீட்டிப்புக் கம்பியின் பூட்டு நட் எளிதில் தளர்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்குப் பிறகும் சுழியத்தைச் சரிபாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) இதற்கு மாற்றல்ல, நீள்வட்டத் தேய்மானத்தை அது தெளிவாகக் காட்டாது.